பயமும் களைப்பும் பாவமல்ல

நம் சங்க இதழில் ஆன்மீகக் கட்டுரை எழுதுவோர் பலர் உண்டு. அந்த வரிசையில் சேரும் தகுதி எனக்கில்லை. டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் ஒரு விஷயம் கொஞ்ச காலமாக மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது. களைத்துப் போனவர்களையும் பயந்து போனவர்களையும் பார்த்து, "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லும் வழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெருகி வருகிறது. இது தவறு என்பது என் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து. வாசகர்களில் பெரும்பாலோர் மற்ற மதத்தினர் என்பதை அறிவேன். அவர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். களைப்பும் பயமும் எல்லார் வீட்டிலும் உள்ளவைதானே.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்க வயல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைக் கையிலெடுத்த பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த நம் ஜனங்கள்தான் அந்தப் பூமியைக் குடைந்தார்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். இன்றைய இளைஞர்களுக்குத் தங்க வயல் என்றால் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. உண்மையான தங்க வயலில் துப்பாக்கியைவிடப் பயங்கரமானது பாறை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. அதன் அடிமட்டத்தில் பாறையின் சூடே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தினால்தான் மனிதன் அங்கே நிற்க முடியும். அந்தச் சூட்டையும் தாங்கிக்கொள்ளலாம், பாறை வெடிப்பைத்தான் தாங்க முடியாது. மேலேயுள்ள மலையளவு பாரத்தால் இறுகிக் கிடக்கும் கல், பக்கத்தில் குடையக் குடைய ஒருநாள் குண்டுபோல வெடித்துவிடும். இந்த நேரத்தில், இந்த இடத்தில் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரிய வெடிப்பாயிருந்தால் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும். அடுத்த நிமிடம் பெண்கள் எல்லாரும் தெருவில் நிற்பார்கள். யார் வீட்டுக்காரர் எந்த ஷிப்ட் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

என் அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். கேஜில் ஏறிக் கம்பிக் கதவு சாத்தியதும் பரமண்டல ஜெபம் ஒன்றைச் சொல்வார். அவ்வளவுதான். நீளமாக ஜெபிக்க அவருக்கு வராது. பக்கத்தில் நிற்பவர் முனீஸ்வரனைக் கூப்பிடுவார், இன்னொருவர் மாரியாத்தாளை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்களாம். "பயமாயிருக்காதாப்பா?" என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "தினமும் பயம்தான்டா. பயமே இல்லேன்னு சொல்றவன் பக்கத்துல நான் நிக்கமாட்டேன்" என்றார். அந்தப் பதிலின் அருமை ரயில்வேக்குப் போன பிறகுதான் விளங்கிற்று. மழைக்கால இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலே ரோந்து போகும் பேட்ரோல்மேன், கரை அரித்திருக்குமோ என்ற பயத்தோடு நடந்தால்தான் அரிப்பு அவன் கண்ணில் படும்.

அப்பாவோடு வேலை செய்த அந்தத் தலைமுறைக்கு ஜெபம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்திருந்தது. ஜெபம் சுரங்கத்தின் கூரையைத் தாங்காது. அதற்கு முட்டுக்கட்டை வேண்டும், காற்று வேண்டும், மேஸ்திரியின் எச்சரிக்கை வேண்டும். இவை கிடைக்காதபோது கேட்டுப் பெறவும் வேண்டும். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்க வயலில் 21 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் கோயிலுக்குப் போகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் சேர்ந்தேதான் நின்றார்கள். ஜெபித்தவன் கோழை, போராடியவன் வீரன் என்று பிரித்துப் பேசுகிற பகுத்தறிவு நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் தங்க வயலுக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்காரச் சுரங்க நிபுணர்களில் கார்ன்வால் பகுதியார் பலர். அங்கே வெள்ளீயமும் செம்பும் தோண்டிய ஏழைகளிடம் ஜான் வெஸ்லி தேடிப்போய்ப் பிரசங்கம் செய்தார். குவெனாப் என்ற ஊரில் ஒரு பெரிய பள்ளத்தையே கோயிலாக்கி, 1762 முதல் 1789 வரை 18 முறை அங்கே பேசினார். ஆபத்தான தொழில் செய்பவனுக்கு ஜெபம் தேவை என்பது எங்கள் ஊர் கண்டுபிடிப்பு அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது என் தங்கை மகள் விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் அந்தப் பிளாஸ்டிக் உடைக்குள் நின்றவள். ஆக்சிஜனுக்குத் தவித்த நாட்கள் அவை. அந்நேரத்தில் ஊருக்குப் போன் செய்தாள். "மாமா, ஜெபம் பண்ணக்கூடத் தெம்பு இல்லை. முழங்கால் போட்டா அப்படியே தூங்கிடறேன். பயம் வேற. இது பாவமா மாமா?" என்றாள். ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று விசாரித்தேன். வாட்ஸ்அப்பில் பிரசங்கம் அனுப்பும் ஒருவர், பயம் பிசாசின் வேலை, சோர்வு விசுவாசக் குறைவு, உபவாசமிருந்து இரவெல்லாம் ஜெபிக்க வேண்டும் என்று பேசியிருக்கிறார். இரவெல்லாம் வார்டில் நிற்கிற பெண்ணுக்கு இந்த உபதேசம்! எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "முதல்ல சாப்பிட்டுப் போய்த் தூங்கும்மா, மீதியைப் பிறகு பேசுவோம்" என்றேன்.

மறுநாள் அவளுக்கு எலியாவின் கதையை நினைவுபடுத்தினேன். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய அந்தத் தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் விழுந்து, சாக வேண்டுமென்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். தூதன் வந்து திட்டினானா? இல்லை. தொட்டு எழுப்பினான், நெருப்பில் சுட்ட அடையும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடி படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதன் பிறகுதான் நாற்பது நாள் பயணம். புத்திமதி எதுவும் அங்கே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கெத்செமனே தோட்டத்தையும் பாருங்கள். இயேசுவே கலங்கினார். அந்தப் பாத்திரம் தன்னை விட்டு நீங்கினால் நல்லது என்று வெளிப்படையாகக் கேட்டார். தனியாக இருக்க மனமில்லாமல், விழித்திருக்கும்படி நண்பர்களையும் கேட்டுக்கொண்டார். ஒரே வார்த்தைகளை மூன்று முறை சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். சீஷர்கள் தூங்கியது துக்கத்தினால் என்று லூக்கா சொல்கிறார். அவர் வைத்தியர் என்பார்கள், அதனால்தான் அந்தக் காரணம் அவர் கண்ணில் பட்டது போலும். புதுப்புது வார்த்தை தேட முடியாத நேரத்தில் பழகிய வார்த்தை போதும். அப்பா கேஜில் சொன்னதும் அதுதான். "டூட்டிக்குப் போகும்போது லிஃப்டில் ஒரு பரமண்டல ஜெபம் சொல்லு, போதும்" என்றேன். அவள் கூட வேலை பார்த்த கேரளத்துப் பெண்ணுக்கும் அதே பழக்கம் உண்டென்று தெரிந்தபின் இருவரும் சேர்ந்தே சொல்லியிருக்கிறார்கள். பயம் போகவில்லை என்றுதான் சொன்னாள். ஆனால் வார்டு கதவைத் தள்ளும்போது கை நடுங்கவில்லையாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று எஞ்சினியர் மூளை கேட்கத்தான் செய்கிறது. 2010 ஆகஸ்ட் 5-ல் சிலி நாட்டுச் சுரங்கம் இடிந்து, 33 தொழிலாளர் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் சிக்கினார்கள். அவர்கள் உயிரோடிருப்பது 17 நாள் கழித்துத்தான் மேலே தெரிந்தது. 69-ஆம் நாள் எல்லாரும் வெளியே வந்தார்கள். உள்ளே ஹோசே என்ரீக்கஸ் என்ற தொழிலாளியைத் தங்களுக்காக ஜெபம் நடத்தும்படி மற்றவர்களே கேட்டார்கள். தினம் கூடி ஜெபித்தார்கள், இருந்த கொஞ்ச மீனையும் பிஸ்கட்டையும் பங்கிட்டார்கள். இரவு பகல் தெரியாத குழியில் அந்த ஜெபம் ஒரு நேரத்தை உண்டாக்கிக் கொடுத்தது. பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் கொடுத்தது. பக்கத்தில் இருப்பவனும் அதே பயத்தில் இருக்கிறான் என்று காட்டியது. அவர்களை மேலே கொண்டுவந்தது துளையிட்ட இயந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் இயந்திரம் வரும்வரை ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் மனிதர்களாக இருக்க வேண்டுமே. விசுவாசியான எனக்கு இதற்கும் மேலே சொல்ல உண்டு. அதை வாசகர்கள் மேல் திணிக்க விரும்பவில்லை.

தங்க வயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. பயம் மட்டும் மூடப்படவில்லை, வேறு உருவத்தில் வந்தது. சுரங்கத்துக்காகவே போட்ட அந்த ரயில் பாதையில் இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டி ஏறிப் பெங்களூர் போய், இரவு திரும்புகிறார்கள். சுரங்கத்தோடு மூடிய பழைய ஆஸ்பத்திரி 20 ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2021-ல் அதைத் தன்னார்வலர்கள் தூசி தட்டிக் கழுவி, கொரோனா நோயாளிகளுக்காகத் தயார் செய்தார்கள். துடைப்பம் பிடித்த அந்தக் கைகள் செய்ததும் ஒரு ஜெபம் என்றே எனக்குப் படுகிறது.

ஓய்வுக்குப் பின் நான் ராபர்ட்சன்பேட்டையில் குடியிருக்கிறேன். எங்கள் தெரு ஜெபக் குழுவில் போன வருடம் ஓர் ஏற்பாடு செய்தோம். விடியற்கால வண்டி பிடிக்கிறவர்கள் உள்ள வீட்டில் ஜெபக் கூட்டம் அரை மணிதான். எட்டரைக்குள் முடிந்துவிட வேண்டும். அன்றைய சமையலை மற்ற வீடுகள் கொண்டுவந்துவிடும். பாட்டு குறைந்துவிட்டதென்று சில பெரியவர்களுக்கு இதில் மிகுந்த வருத்தம்.