பிறழ் சாட்சி

வெளிநாட்டுப் பயணிகளுக்கு வடகிழக்கிலும் அந்தமானிலும் இருக்கும் பெர்மிட் முறையை அடியோடு ஒழிக்கச் சொல்லிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைக் கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து படித்தேன். ஊரைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கட்டுரை திட்டித் தீர்க்கும் காகிதங்களில் ஒன்று இந்த ஊரில் பிறந்தது. வேறு சில இன்றும் இங்கே முத்திரை வாங்குகின்றன.

1873இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த இன்னர் லைன் சட்டம்தான் விருந்தாளியை இன்னமும் வாசலில் நிறுத்துகிறது என்பது ஆசிரியரின் முதல் வெடி. நமத்துப்போன வெடி. கல்கத்தா தலைநகராக இருந்தபோது எழுதிய சட்டம் என்பது உண்மை. ஆனால் அது தடுத்தது யாரை? ரப்பருக்கும் யானைத் தந்தத்துக்கும் தேயிலை நிலத்துக்கும் மலையேறிய பிரிட்டிஷ் குடிமக்களை. இன்று அதன்படி அனுமதி வாங்க வேண்டியவர்கள் இந்தியர்கள். நானும் கட்டுரையாசிரியரும் அதில் சேர்த்தி. வெளிநாட்டாருக்கென எழுதப்பட்டவை 1958இல் வந்த பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஆணையும் 1963இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகள் ஆணையும். இரண்டும் நேரு பிரதமராக இருந்தபோது வந்தவை. பிந்தியது சீனப் போருக்கு மறு ஆண்டு வந்தது. இவற்றுக்குத் தாய்ச்சட்டமான 1946ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையர் காலத்தது என்றாவது அவர் வாதாடியிருக்கலாம். அது கண்ணில் படவில்லை போலும். 2025இல் அந்தச் சட்டமும் புதியதற்கு வழிவிட்டுப் போய்விட்டது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டு அதற்கு வரலாற்றுப் பார்வை என்று பெயரும் வைத்திருக்கிறார்.

அடுத்தது, பெர்மிட்டுக்கு அலைந்தே பயணியின் விடுமுறை தீர்ந்துவிடுகிறதாம். சிக்கிம் போகும் வெளிநாட்டவர் சடர் தெரு விடுதியிலிருந்து மிடில்டன் தெருவில் உள்ள சிக்கிம் ஹவுஸுக்கு நடந்தே போகலாம். அதற்கும் சோம்பல் என்றால், நேராக ரங்போ சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட் நகலும் விசா நகலும் புகைப்படமும் கொடுத்து, காசில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். டார்ஜீலிங் போகவே ஒரு காலத்தில் பெர்மிட் கேட்டார்கள், இன்று கேட்பதில்லை. சிக்கிமிலேயே லாச்சுங் பக்கம் போகத் தனியாளுக்கு அனுமதி கிடையாது, குறைந்தது இருவராவது வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அதைக் கிண்டல் செய்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஒற்றை ஆளாக வந்தவர் உளவாளி, ஜோடியாக வந்தால் உல்லாசப் பயணி என்பது எந்த ஊர்க் கணக்கு?

வானத்திலிருந்து செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்க்கும்போது பூமியில் எதற்குக் காவல் என்றும் கேட்கிறார். செயற்கைக்கோள் தும்முவதில்லை. 1858இல் போர்ட் பிளேரில் கைதிக் குடியிருப்பு வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று நூறு பேர்கூட இல்லை. அவர்களைப் பெரும்பாலும் கொன்றது தட்டம்மை போன்ற, வெளியார் கொண்டுவந்த நோய்கள். அங்கேயே இன்னொரு பழங்குடியான ஜாரவாக்களிடையே 1999இலும் தட்டம்மை பரவியது.

இங்கேதான் ஆசிரியர் தன் முக்கிய சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார். 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்து அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, அங்கே கொல்லப்பட்டார். ‘பெர்மிட் அவரைத் தடுத்ததா, என்ன பயன்?’ என்பது வாதம். ஐயா, அதே ஆண்டு நடுவில்தான் சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று சுமார் முப்பது தீவுகளுக்கு இந்தப் பெர்மிட்டை மத்திய அரசு தளர்த்தியது. அந்தப் பட்டியலில் வடக்கு சென்டினலும் இருந்தது! பழங்குடியினரைக் காக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மட்டும் குறுக்கே நின்றது. கைதான மீனவர்கள் மீது வந்த குற்றச்சாட்டுகளில் அதை மீறியதும் ஒன்று. தளர்த்தியதால்தான் சாவ் போனார் என்று நான் சொல்லமாட்டேன். அவரை அழைத்தது அவருடைய மதப்பிரசார வெறி. ஆனால் நீக்கியபின் நடந்ததை, இருந்தும் பயனில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவதை நீதிமன்றத்தில் செய்தால் சொந்த வக்கீலே தலையில் கைவைத்துக்கொள்வார்.

அவர் சொல்லியிருக்க வேண்டியது வேறு. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மூன்றிலும் 2011 முதல் தளர்த்தி வைத்திருந்த அனுமதியை 2024 டிசம்பரில், எல்லைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுபடி கட்டாயமாக்கினார்கள். இனக்கலவரத்தில் மணிப்பூர் எரிந்ததற்கு, நாகாலாந்தின் கொஹிமாவில் வீட்டுத் திண்ணையை விடுதியாக்கிப் பிழைக்கும் குடும்பம் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? டிசம்பர் முதல் பத்து நாள் ஹார்ன்பில் திருவிழாவை நம்பி ஆண்டு முழுக்க இருப்பவர்கள் அவர்கள். இது கேட்க வேண்டிய கேள்வி. நம் ஆசிரியர் இதற்கு ஒதுக்கியது அரை வரி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தக் கிளம்பியவருக்கு, எந்த அறையில் பூச்சி என்று பார்க்கப் பொறுமை இல்லை.

அடுத்த கட்டுரைக்கு முன் அவர் ஒருமுறை கொஹிமா போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்கத்தா வழியாக வந்தால், ஷேக்ஸ்பியர் சரணியில் நாகாலாந்து ஹவுஸ் இருக்கிறது. 1873இன் காகிதத்தை அங்கே அவர் பெயருக்கே தருவார்கள்.