வலிமை காயில் இல்லை: ஆடுபுலி ஆட்டம் பற்றிய ஒரு மறுப்புரை

ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே வினாவையே எழுப்புகின்றனர்: வலியது ஆடா, புலியா? மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் லயத்து வாசலிலே கரிக்கோட்டாற் களம் வரைந்து, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடிய முதியோர் முதல், அதே ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் ஆடும் இளைஞர் ஈறாக, இவ்வினாவுக்கு ஒரு விடையைக் கையில் வைத்திராதார் அரியர். ஒரு சாரார் புலியே வலியது என்பர்; மறு சாரார் ஆடே வலியது என்பர். பட்டிமன்ற மேடைக்கு இதனினும் வாய்ப்பான பொருள் வேறில்லை. ஆயின் இரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். வலிமை என்பது காய்க்குள் உறைந்து கிடக்கும் ஒரு பண்பு என அவர்கள் கொண்டுவிட்டனர். இக்கொள்கை ஆட்டத்தையும் பொய்யாக்குகிறது. அதனை ஆடிவந்த மக்களின் வரலாற்றையும் பொய்யாக்குகிறது. ஆதலின் அதனை மறுப்பது அவசியமாகின்றது.

களத்தின் அமைப்பை முதலிற் கூறுதல் தகும். உச்சிப்புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் கீழ்நோக்கி விரிகின்றன. அவற்றை மூன்று குறுக்குக்கோடுகள் வெட்டி, இருபுறமும் வெளியே நீள்கின்றன. அக்குறுக்குக்கோடுகளின் முனைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக இரு பக்கக்கோடுகள் இணைக்கின்றன. நான்கு கோடுகளின் அடிகளையும் ஓர் அடிக்கோடு பிணைக்கிறது. உச்சியில் 1, குறுக்குக்கோடு ஒன்றுக்கு 6 ஆக 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை இறங்கிய ஆடு இடம்பெயரலாகாது. புலியோ தொடக்கம் முதலே நகரும். கோட்டின் வழியே அடுத்த புள்ளியில் ஆடு நின்று, அதற்கு நேர் அப்பாற்புள்ளி வெறுமையாக இருப்பின், புலி தாவி அவ்வாட்டை வெட்டும். ஆடு எதனையும் வெட்டாது. மூன்று புலிகளையும் அசையவொட்டாது அடைத்துவிடின் ஆட்டுக்கு வெற்றி. குறித்த தொகை ஆடுகளை வெட்டிவிடின் புலிக்கு வெற்றி.

புலிக் கட்சியாரின் முதல் வாதம் இயற்கையிலிருந்து பிறக்கிறது. காட்டிலே புலி ஆட்டைக் கொல்கிறது. ஆகவே களத்திலும் புலியே வலியது என்பது அவர் துணிபு. இவ்வாதத்தின் வறுமையைக் காட்ட மாத்தளை மாவட்டமே போதும். இத்தீவின் காடுகளில் வரலாற்றுக் காலத்திலே புலி வாழ்ந்ததில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் உலவுவது சிறுத்தை. அதனையே தோட்டத்து மக்கள் பேச்சுவழக்கிற் புலி என்பர். நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், 1909ஆம் ஆண்டு வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்னும் தம் நூலில், ‘தெமள திவியன் கெளிய’ என்ற சிங்களப் பெயருடைய விளையாட்டொன்றைப் பதிவு செய்துள்ளார். ‘தமிழர் சிறுத்தை விளையாட்டு’ என்பது அதன் பொருள். அயலவர் இதனைத் தமிழரின் விளையாட்டு என்றே அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பெயர் சான்று. புலி சிறுத்தையாக மாறிய பின்னும் ஆட்டம் ஆட்டமாகவே நின்றது. விலங்கின் பெயர் மாறியும் ஆட்டம் மாறாதபோது, அவ்விலங்கின் பல்லிலும் நகத்திலும் களத்து வலிமையைத் தேடுவது எங்ஙனம் பொருந்தும்?

புலிக் கட்சியாருக்கு இதனினும் வலுவான வாதம் ஒன்றுண்டு. அதனை மறைத்துவிட்டு மறுப்பது நேர்மையாகாது. புலி சாவதில்லை என்பதே அவ்வாதம். ஆட்டுக்காரன் ஒருமுறை தவறினால் ஓர் ஆடு போய்விடும். போன ஆடு மீளாது. புலிக்காரன் தவறினால் இடம் மட்டுமே கெடும். அதனை அடுத்த நகர்விலே திருத்திக்கொள்ளலாம். தவற்றின் விலை இரு பக்கத்தாருக்கும் சமமன்று. இது முழு உண்மை. ஆனால் இவ்வுண்மை காட்டுவது விதியின் ஓரவஞ்சனையையே. விதி ஒருவனுக்குக் கொடுத்த சலுகையை அவனுடைய வீரமென்று பாடுவது புலவர்க்குப் பழக்கமாயிருக்கலாம். ஆராய்வோருக்கு அது அழகன்று.

இனிக் களத்தையே சான்றுக்கு அழைக்கலாம். ஆடு எதுவும் வெட்டுப்படாமற் பதினைந்தும் இறங்கிவிட்டால், 23 புள்ளிகளில் 18 நிரம்பி 5 மட்டுமே வெறுமையாக எஞ்சும். புலி நகர்வதும் வெட்டுவதும் இவ்வைந்து வெற்றிடங்களை நம்பியே. அப்பாற்புள்ளி நிரம்பியிருக்கும் ஆட்டைப் புலி தொடவும் முடியாது. ஆட்டை வெட்டும் ஒவ்வொரு முறையும் புலி இன்னொரு வெற்றிடத்தைச் சம்பாதித்துக்கொள்கிறது. முதல் ஆடு விழுந்ததும் ஐந்து ஆறாகிறது. அடுத்தது விழுந்ததும் ஆறு ஏழாகிறது. புலியின் வலிமை எனப்படுவது, ஆட்டின் பின்னே காக்கப்படாது கிடக்கும் புள்ளியின் மறுபெயரேயாகும். அத்துடன், தாவுவதற்கு அப்பாற்புள்ளியே இல்லாத இடங்கள் களத்தில் ஏழு உள்ளன: உச்சி, இரு பக்கக்கோடுகளின் நான்கு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். அவ்வேழு இடங்களில் நிற்கும் ஆட்டை மூன்று புலிகள் சேர்ந்தும் வெட்டவியலாது. புளியங்கொட்டை அதே புளியங்கொட்டைதான். ஓரிடத்தில் இரையாகிறது, ஓரிடத்தில் அரணாகிறது.

புலியின் நிலையும் இதுவே. உச்சியில் நிற்கும் புலியை அடைக்க, கீழே விரியும் நான்கு கோடுகளிலும் அடுத்த புள்ளியும் அதற்கு அப்பாற்புள்ளியும் நிரம்பவேண்டும்; எட்டுக் காய்கள் தேவை. பக்கக்கோட்டின் முனையில் நிற்கும் புலிக்கு நான்கே போதும். ஒரே பக்கக்கோட்டின் இரு முனைகளிலும் இரு புலிகள் ஒதுங்கிவிட்டால், இரண்டையும் சேர்த்தே ஐந்து ஆடுகள் அடைத்துவிடும். ஏனெனில் இடையில் நிற்கும் ஓர் ஆடு இரண்டுக்கும் பொதுவாகிறது. மூன்றாவது புலியும் எதிர்ப்பக்கத்து முனையொன்றில் ஒதுங்கினால் மேலும் நான்கு. ஆக ஒன்பது ஆடுகளால் மூன்று புலிகளும் கட்டுண்கின்றன. எண்களைக் கூட்டத் தெரிந்த எவரும் கரிக்கோட்டுக் களத்தில் இதனைச் சரிபார்க்கலாம். இங்ஙனமிருக்க ‘புலியின் வலிமை இவ்வளவு’ என்று ஒரே தொகையாகச் சொல்வது எங்ஙனம்? சதுரங்கத்திலே மூலையில் நிற்கும் குதிரை இரண்டு கட்டங்களையும், நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களையும் ஆளுகிறது. சதுரங்கம் ஆடுவோர் இதனைப் பாடமாகவே கற்கின்றனர். ஆடுபுலியைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவோர், அதே பாடம் லயத்து வாசலில் எழுத்தறியாதாரால் நூற்றாண்டுக்கு மேலாகக் கற்பிக்கப்பட்டதைக் கவனிப்பதில்லை.

ஆட்டுக் கட்சியாரும் மறுக்கப்படவேண்டியவரே. அவர் பேச்சு கேட்பதற்கு இனிது. மூன்றுக்கு எதிரே பதினைந்து, ஒற்றுமையே பலம், எண்ணிக்கையே வெல்லும் என்பர். மேடையிற் கைதட்டல் பெறுவதற்கு இது போதும். களத்தில் வெல்வதற்குப் போதாது. பதினைந்து ஆடுகளும் கூடிநின்றபோதும் கூட்டத்தின் நடுவே ஒரு புள்ளி வெறுமையாக விடப்படின், அதன் வழியே புலி உள்ளே தாவும். அணிக்கு வெளியே உள்ள பகைவனிலும் அணிக்குள்ளே உள்ள வெற்றிடமே கொடிது. மேலும், ஆடுகள் இறங்கும் காலத்தில் அவை நகரமுடியா. ஆதலின் முதல் ஆட்டை எங்கே வைப்பது, அதன் பின்னிடத்தை எந்த ஆடு காப்பது என்ற முன்யோசனையே ஆட்டத்தின் பாதி. அந்த யோசனை இல்லாத பதினைந்து, பதினைந்து தனித்தனி ஆடுகளேயன்றி ஓர் அணியன்று.

இரு கட்சியாரும் மறந்துவிடும் இன்னொன்று விதி. எத்தனை ஆடுகள் வெட்டுண்டாற் புலிக்கு வெற்றி என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். அத்தொகை ஐந்தாயின் புலிக்காரன் கை ஓங்கும். பத்தாயின் ஆட்டுக்காரன் மூச்சுவிடலாம். தொகையைச் சொல்லாமல் வலிமையைச் சொல்வது, விலையைச் சொல்லாமல் மலிவென்று கூவுவதை ஒக்கும். நேபாளத்தில் ‘பாக்சால்’ என்னும் உறவாட்டம் உண்டு: 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள், ஐந்து ஆடுகள் வெட்டுண்டாற் புலி வெல்லும். லிம் இயூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் ஆய்வாளர் இருவர் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அதனைக் கணினியால் ஆராய்ந்து, இரு பக்கத்தாரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியின்றி முடியும் எனக் காட்டினர். தமிழர் ஆட்டத்தின் களம் வேறு. அம்முடிவை அப்படியே இங்கு ஒட்டலாகாது. ஆயினும், ‘ஐயமின்றிப் புலியே’, ‘ஐயமின்றி ஆடே’ என முழங்குவோர் சற்றே நாணுவதற்கு அது போதும். 1996ஆம் ஆண்டு யப்பானிற் பிறந்த போக்கிமொன் விளையாட்டில் எந்தக் கற்பனை விலங்கு வலியது என விவாதிக்கும் இன்றைய இளைஞரும், ஒற்றைப் போரில் வல்ல விலங்கு இரட்டைப் போரில் அத்துணை வல்லதன்று என அறிவர். விதியைக் கேட்டபின்பே அவர் வலிமையைப் பேசுகின்றனர். பட்டிமன்றப் பேச்சாளர் இதனை அவரிடம் கற்கலாம்.

ஒரு விளையாட்டுக்கு இத்துணை வாதம் எதற்கு எனச் சிலர் வினவலாம். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்து, கோப்பித் தோட்டங்களை உண்டாக்கிய மக்களின் வழித்தோன்றல்களே இம்மாவட்டத்தில் இவ்வாட்டத்தைக் காத்துவருகின்றனர். அவர் வரலாற்றைப் பேசுவோரும் இதே பொய் வினாவையே கேட்கின்றனர். மலையக மக்கள் தம் எண்ணிக்கையை உணர்ந்தால் வெல்வர் என்பர் சிலர். அவர் இயல்பிலேயே எளியர் என்பர் வேறு சிலர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அம்மக்கள் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலோ ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. இடைப்பட்ட ஐந்தாண்டில் அவர் எண்ணிக்கை அழிந்துவிடவில்லை, ஊக்கமும் வற்றிவிடவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர் பின்னிருந்த புள்ளியை வெறுமையாக்கின. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என இரு அரசுகள் பங்கிட்டன. ஆடியோர் இருவர், காய்களைக் கேட்டார் இலர். இங்கேதான் உவமை முறிகிறது; முறியவும் வேண்டும். புளியங்கொட்டைக்கு வீடில்லை, உறவில்லை, அதற்கு வலிப்பதுமில்லை. மனிதனுக்கு இவையனைத்தும் உண்டு.

ஆட்டில் ஒன்றைப் பலியிட்டுப் புலியை மூலைக்கு இழுப்பது தேர்ந்த ஆட்டக்காரரின் உத்தி. ஆனால் பலியிடத் தீர்மானிக்கும் ஆட்டக்காரன் பலியாவதில்லை. சமூகத்துக்குத் தலைமை தாங்குவோர் இந்த உத்தியைக் களத்திலிருந்து வாழ்வுக்குக் கொண்டுவரும்போது, யாருடைய ஆடு, யாருடைய கை என்று கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 500 ரூபா. 2019இல் 700 ரூபா. அவர் நெடுங்காலம் கோரிய 1,000 ரூபா 2021இல், கூட்டு ஒப்பந்தத்தால் அன்றிச் சம்பள நிர்ணய சபையின் ஊடாகவே கிடைத்தது. கொழுந்து பறிக்கும் கைகளின் தொகை அவ்வாண்டுகளிற் குறைவாக இருக்கவில்லை. சங்கத்துக்கும் சங்கத்துக்கும் இடையே விடப்பட்ட வெற்றிடங்களை எண்ணிப் பார்ப்போருக்குத் தாமதத்தின் காரணம் விளங்கும்.

ஆகவே, ‘ஆடா, புலியா?’ என்ற வினாவை மேடைகள் கைவிடுதல் நன்று. அது புலிக்காரனுக்குச் செருக்கையும் ஆட்டுக்காரனுக்குப் போலி ஆறுதலையும் தருவதன்றி வேறு பயன் தரவில்லை. அதனிடத்தில் நிறுத்தவேண்டிய வினா ஒன்றுண்டு: வெற்றிடம் எங்கே? இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ ஒரு சிறுவனுக்கு இவ்வாட்டத்தைக் கற்பிக்கும் பெரியவர், புலியின் வீரத்தையும் ஆட்டின் தொகையையும் அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. தான் வைக்கும் ஒவ்வொரு காயின் பின்னாலும் உள்ள புள்ளியை அவன் பார்க்கப் பழகட்டும். அப்பார்வை வாய்த்தவனைப் பெயர் பெரிதாக உள்ள எந்த விலங்கும் அச்சுறுத்தாது. ஆடு என்று தன்னை அழைப்போரையும் அவன் பொருட்படுத்தான்.