மலைக்கு வரட்டும் சட்டம்!

கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் வாழையும் மிளகும் வந்து குவிகின்றன. அவற்றை வாங்கக் கீழ்நாட்டு வியாபாரி மலையேறி வந்துவிடுகிறார். தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்பவர்களும் தவறாமல் வருகிறார்கள். ஆனால் சட்டம்? அது மட்டும் கீழேயே உட்கார்ந்துகொண்டு, "வேண்டுமானால் நீ இறங்கி வா" என்கிறது.

யார் இறங்கி வருவது? காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கண் தெரியாதவரும், கால் விளங்காதவரும், கோலூன்றி நடக்கும் கிழவியும் ஒரு சான்றிதழுக்காக நாமக்கல்லுக்கு எத்தனை தரம் போய்வர முடியும்? துணைக்குப் போகிறவருக்கும் அன்றையக் கூலி போச்சு!

ஏட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1957-ல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். ஏழைகளுக்குச் சட்ட உதவி பற்றி ஆராய்ந்த கமிட்டிக்குத் தலைமை தாங்கி 1973-ல் அறிக்கை கொடுத்தவரும் அவரே. 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்தது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது. அது அமலுக்கு வர 1995 ஆயிற்று!

அதன் 12-வது பிரிவைத் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆதிவாசிகள், தாழ்த்தப்பட்ட மக்கள், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு, வழக்கில் நியாயம் இருப்பதாகத் தோன்றினால், வருமானக் கணக்குக் கேளாமலே இலவசமாக வக்கீல் கிடைக்க வேண்டும். கொல்லிமலையின் மலையாளி ஆதிவாசி மக்கள் இதில் அடக்கம். பஞ்சாலையில் நிற்கும் நீங்களும் அடக்கம். இது தர்மமல்ல, பாத்தியதை!

வக்கீலுக்கும் ஜனங்களுக்கும் நடுவே பாலமாக நிற்க, சட்டத் தன்னார்வலர்களைப் பயிற்றும் திட்டம் 2009-ல் வந்தது. சட்டக் கல்லூரி ஒவ்வொன்றும் இலவசச் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நாமக்கல்லிலேயே 2019-ல் அரசு சட்டக் கல்லூரி திறக்கப்பட்டது. அந்த மாணவர்களும் மலையின் இளைஞர்களும் சேர்ந்து பயிற்சி பெறச் சோளக்காட்டுச் சந்தையைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

பந்தல் போட்டு, பிரசங்கம் செய்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவது பயிற்சியாகாது. கிழவருக்குக் காது மந்தம் என்று மகனிடம் கேட்டு எழுதக் கூடாது. அந்த மகனே எதிர்க்கட்சியாக இருக்கலாம். கைநாட்டு வாங்குமுன் மனுவை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். மனு கொடுத்ததும் ரசீது வாங்க வேண்டும். கிடைக்கும்வரை தொடர்ந்து போய்க் கேட்க வேண்டும். இவற்றைப் புத்தகம் கற்றுத் தராது. நியாயம் கேட்டு வரும் முதியவரும் மாற்றுத்திறனாளியுமே இதற்கு வாத்தியார்.

இங்கே ஒரு கேள்வி எழும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கவனிக்காத பிள்ளை மீது கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் பிராது கொடுக்கலாம். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. கவனிப்பான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த நிலத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெறவும் 23-வது பிரிவில் இடமிருக்கிறது. நிலத்தை வாங்கிக்கொண்டு தாயைத் திண்ணையில் தள்ளியவனை இழுத்து நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் பனியன் கம்பெனிக்கோ எஸ்டேட்டுக்கோ கூலிக்குப் போய், தன் பிள்ளைகளுக்கே கஞ்சி ஊற்ற முடியாதவன்? அவன்மீது பிராது எழுதினால் யாருக்கு லாபம்?

அந்த வீட்டில் தட்ட வேண்டியது மகனின் கதவை அல்ல, சர்க்காரின் கதவை! முதியோர் பென்ஷனில் மத்திய சர்க்காரின் பங்கு 2007-ல் 200 ரூபாய். 2024-லும் 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதே 200 ரூபாய்தான். இடையில் அரிசி விலை அப்படியே நின்றதா? எது மகனின் குற்றம், எது சர்க்காரின் குற்றம் என்று பிரித்தறிவதே மாணவன் கற்க வேண்டிய முதல் பாடம்.

சட்டம் தானாக நடக்காது என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. அங்கும் மலையாளி ஆதிவாசிகளே. 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் போலீசும் ரெவின்யூவும் அந்தக் கிராமத்தைச் சூறையாடின. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். கிராமம் பின்வாங்கவில்லை. ஆதிவாசிகள் சங்கம் துணை நின்றது. 2011-ல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டனை பெற்றார்கள். 2023-ல் சென்னை ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. 19 ஆண்டுகள் விடாமல் நின்ற ஜனங்கள் அந்தச் சட்டத்தை நடக்க வைத்தார்கள்!

ஆகவே நாம் கேட்பது இது: சந்தை நாள்தோறும் சோளக்காட்டில் சட்ட உதவி மேஜை வேண்டும். மருத்துவக் குழு மலைக்கே வந்து ஊனச் சான்று தர வேண்டும். தன்னார்வலர்களில் மலை மக்களின் பிள்ளைகளும், மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் கூலிக்குக் குறையாத படி கொடுக்க வேண்டும்.

தோழர்களே! 15100 என்ற டெலிபோன் எண் சட்ட உதவிக்கென்றே இருக்கிறது. உங்கள் லைன் வீட்டிலும் சேரியிலும் இன்றே அதை எழுதி ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைச் சங்கத்தின் சார்பில் பயிற்சிக்கு அனுப்புங்கள். நம் கிழவனும் கிழவியும் சட்டத்தைத் தேடி அலைந்தது போதும். இனி அது அவர்களைத் தேடி வரட்டும்!