தர்மத்தைக் காப்பது யார்?

தர்மம் தலைகாக்கும் என்பது நாட்டிலே நெடுநாளாக உலவிவரும் முதுமொழி. தலையைக் காக்கிறதோ இல்லையோ, அந்தத் தர்மத்தைக் காப்பது யார் என்று கேட்டால் மட்டும் சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "அறங்காவலரிடமா கணக்குக் கேட்பது? ஆண்டவன் பார்த்துக்கொள்வான்!" என்று அதட்டுகிறார்கள்.

ஆண்டவன் பார்த்துக்கொண்ட கணக்கு ஒன்றை நாம் சொல்கிறோம், கேளுங்கள், தோழர்களே!

ஏழையாய்ப் பிறந்து, துபாஷ் தொழிலிலே பெருஞ்செல்வம் ஈட்டிய பச்சையப்ப முதலியார், அதனை அறத்துக்கென உயில் எழுதிவைத்து 1794-ல் மறைந்தார். உயில் இருந்தது, பொருள் இருந்தது, நிறைவேற்ற வேண்டியவர்களும் இருந்தார்கள். நிறைவேற்றம் மட்டும் இல்லை! வழக்கு வளர்ந்தது, ஆண்டுகள் உருண்டன. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, நீதிமன்றம் தலையிட்டு, கோயில் கட்டளைகள் போக மிஞ்சிய பொருள் கல்விக்கு என்று திட்டம் வகுத்த பிறகே, 1842 சனவரி முதல் நாள், சென்னைப் பிராட்வேயிலே பள்ளிக்கூடம் திறந்தது.

இடையிலே 48 ஆண்டுகள்! அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரியிலேதான் பின்னாளில் அறிஞர் அண்ணா பயின்றார். பள்ளி திறவாத அந்த 48 ஆண்டுகளிலே எத்தனை அறிவுச்சுடர்கள் ஏற்றப்படாமலே அணைந்தனவோ! சித்திரகுப்தன் ஏடு புரட்டவில்லை, நீதிமன்றம் புரட்டிற்று. பாவத்துக்கு அஞ்சியல்ல, தீர்ப்புக்கு அஞ்சியே பொருள் வழிக்கு வந்தது.

இந்தப் பாடத்தை ஆட்சியும் அறிந்தே இருந்தது. கோயில், மசூதி, கல்லூரி, சத்திரம், பாலம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட மானியங்களின் மேற்பார்வையை, 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குச் சட்டம் ரெவினியூ போர்டிடம் ஒப்படைத்தது. பின்னர் மத நிலையங்களின் பொறுப்பிலிருந்து அரசு கைகழுவிக்கொண்டது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறங்காவலர்களிடமும் உள்ளூர்க் கமிட்டிகளிடமும் விட்டது. நீதிக்கட்சி ஆட்சியிலே, பனகல் அரசர் முதலமைச்சராய் இருந்தபோது, 1925-ல் இந்து அறநிலையச் சட்டம் நிறைவேறிற்று. உடனே "மதத்துக்கு ஆபத்து!" என்ற கூக்குரல்! ஆபத்து மதத்துக்கா, மடியிலே கனம் வைத்திருந்தவர்க்கா?

"நல்லவர்களை நம்பலாகாதா?" என்பர். நம்புகிறோம். வங்கிக்காரர் நல்லவர் என்பதற்காகப் பாஸ் புத்தகம் வேண்டாம் என்கிறோமா? கள்ளனைக் காட்டிக்கொடுப்பதும் கணக்கு. நல்லவனை அவதூறிலிருந்து காப்பதும் அதே கணக்கு.

"நீ கொடுத்த காசா? நீ யார் கேட்க?" என்பாரும் உளர். வருமான வரிவிலக்குப் பெறும் ஒவ்வோர் அறநிலையமும் பொதுக் கருவூலத்துக்கு வரவேண்டிய பணத்திலே பங்கு பெறுகிறது. ஆகவே, தீப்பெட்டி வாங்கும்போதும் வரி செலுத்துகிற ஏழையும் அதற்கு நன்கொடையாளனே. அவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு!

நாம் கேட்பது அதிகமன்று. வரவும் செலவும் ஆண்டுதோறும் தமிழிலே அச்சிட்டு வாசலிலே ஒட்டப்படட்டும். தணிக்கை செய்பவர் அறங்காவலரின் உறவினராய் இராதிருக்கட்டும். நிலத்தையும் கடையையும் குத்தகைக்கு விடுவது பகிரங்க ஏலத்திலே நடக்கட்டும். பதவி பரம்பரைச் சொத்தாகாது, காலவரம்புடன் முடியட்டும். அரசு அதிகாரி மேற்பார்க்கும் இடமாயினும் இதே விதிதான். காக்கிற கையையும் கண்காணிக்கக் கண் வேண்டும்.

இறுதியாக, தோழர்களே, நமக்கு நாமே ஒரு சொல். நம் படிப்பகத்துக்கும் உண்டியல் உண்டு; வெள்ளத்தின்போது நாமும் வீதியிலே துண்டேந்துகிறோம். அந்தத் துண்டிலே விழுந்த காசுக்கு நாம் கணக்கு ஒட்டியிருக்கிறோமா? ஒட்டாதவன் மடத்து வாசலிலே நின்று கணக்குக் கேட்டால், மடாதிபதி சிரிப்பார். சிரிக்க அவருக்கு உரிமையும் உண்டு.

முதலிலே நம் கதவிலே கணக்கை ஒட்டுவோம். பிறகு ஊரார் கதவைத் தட்டுவோம். அப்போது திறந்தே தீரும்!