டிரக் வாங்கப் போறீங்களா? ஒரு எமர்ஜென்சி டாக்டர் பேசறேன்

டிசம்பர் வந்தாச்சு. எங்க டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்ல வருஷா வருஷம் வர்ற மெசேஜும் வந்தாச்சு: "6,000 பவுண்டுக்கு மேல வெயிட் ரேட்டிங் உள்ள வண்டி வாங்குங்க, பிராக்டிஸ் கணக்குல வரி கழிச்சுக்கலாம்." கீழ வரிசையா படங்கள். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா. அதுக்குக் கீழ ஒருத்தர், "ஃபேமிலிக்கும் சேஃப்டி டாக்டர், நல்ல ஐடியா."

அந்த "ஃபேமிலிக்கும் சேஃப்டி"ங்கற ஒரு வரிக்காகத்தான் இந்த நீண்ட பதிவு. நான் டெக்சஸ்ல எமர்ஜென்சி டாக்டர். இங்க இருக்குற நம்ம ஆட்கள் நிறைய பேர் இப்ப கேம்ரியில இருந்து டிரக்குக்கு மாறிட்டு இருக்காங்க. பொறுமையா படிங்க, அப்புறம் திட்டுங்க.

முதல்ல பலத்தைச் சொல்லிடறேன். இல்லன்னா "டாக்டருக்கு டிரக்கைப் பத்தி என்ன தெரியும்"னு ஆரம்பிப்பீங்க.

எஃப் சீரிஸ் 40 வருஷத்துக்கும் மேலா அமெரிக்காவுல அதிகம் விக்கிற டிரக். சும்மா விக்கலை. சரியான இன்ஜினும் பேக்கேஜும் எடுத்தா 13,000 பவுண்டு வரைக்கும் டிரெய்லரை இழுக்கும். வீடு கட்டுறவர், பிளம்பர், மாடு வளர்க்கிறவர், படகு வெச்சிருக்கவர், இவங்களுக்கு எல்லாம் இதுக்கு மாற்று கிடையாது. 2017ல ஹார்வி வெள்ளம் ஹூஸ்டனை மூழ்கடிச்சப்ப உயரமான டிரக் வெச்சிருந்தவங்க தெருத்தெருவா போய் ஆட்களை ஏத்திட்டு வந்தாங்க. 2021 பிப்ரவரியில டெக்சஸ் கரண்ட் இல்லாம உறைஞ்சு கிடந்தப்ப, எஃப்-150ல வர்ற ஜெனரேட்டர் (ஹைப்ரிட் மாடல்ல 7.2 கிலோவாட் வரை) வீட்டுக்கு ஹீட்டர் ஓட்டுச்சு. ஸ்டாக்ல இருக்குற அந்த வண்டிகளை மக்களுக்குக் கொடுத்து உதவுங்கன்னு ஃபோர்டு கம்பெனியே டீலர்கள்கிட்ட கேட்டுக்கிச்சு. இதை எல்லாம் நான் மறுக்கலை.

நாலு வண்டிக்குள்ள வித்தியாசமும் இருக்கு. ராம்ல பின்னாடி லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதிலா காயில் ஸ்பிரிங். காலி வண்டியா ஓட்டுனாலும் குலுக்கல் குறைவு. எஃப்-150க்கு 2015 மாடல்ல இருந்து அலுமினிய பாடி, துருப்பிடிக்கிற கவலை குறைவு. "டொயோட்டான்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்"னு சொல்றவங்களுக்கு: 2022, 2023 டன்ட்ராவுல இன்ஜினுக்குள்ள உலோகத்தூள் தங்கியிருக்கலாம்னு சுமார் ஒரு லட்சம் வண்டிகளை 2024ல திரும்பக் கூப்பிட்டாங்க. ஜிஎம்மோட 6.2 லிட்டர் வி8க்கு 2025ல அதைவிடப் பல மடங்கு பெரிய ரீகால். லோகோவைப் பார்த்து யாரும் நிம்மதியா தூங்க முடியாது.

இப்ப பலவீனம்.

டிரைவர் பக்கக் கதவைத் திறங்க. சட்டத்துல ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாதுன்னு எழுதியிருக்கும். விளம்பரத்துல 13,000ன்னு கத்துறவன் இந்த ஸ்டிக்கரைக் காட்ட மாட்டான். நாலு கதவு, லெதர் சீட், சன்ரூஃப்னு ஏத்த ஏத்த இந்த நம்பர் இறங்கும். உதாரணமா 1,500ன்னு வெச்சுக்கோங்க. ஆளுக்கு 170 பவுண்டுன்னு 5 பேர், 850. பின்னாடி 7,000 பவுண்டு கேம்பிங் டிரெய்லர் மாட்டினா, அதுல 12 சதவீதம் ஹிட்ச் மேல அழுத்தும், 840. கூட்டுங்க. 1,690. பெட்டி படுக்கை இன்னும் ஏத்தவே இல்லை, அதுக்குள்ள லிமிட் தாண்டியாச்சு. 13,000 இழுக்குற வண்டி, குடும்பத்தோட 7,000க்கே திணறுது.

சரி, டிரெய்லரே இல்லைங்கறீங்களா? அப்ப எதுக்கு டிரக்? 2019 வாக்குல வெளிவந்த ஒரு சர்வே முடிவு: டிரக் வெச்சிருக்கவங்கள்ல நாலுல மூணு பேர் வருஷத்துக்கு ஒரு தடவையோ, அதுகூட இல்லாமலோதான் எதையாவது இழுக்குறாங்க. குடும்பத்துக்குன்னு வாங்குற நாலு கதவு வண்டியில பின்னாடி தொட்டி பெரும்பாலும் ஐந்தரை அடி. 8 அடி பிளைவுட் வாங்கினா டெயில்கேட்டை மூட முடியாது. கிரைஸ்லர் பசிஃபிகா மாதிரி மினிவேன்ல சீட்டை மடிச்சுட்டா அதே பலகை உள்ள படுத்துக்கும், மழையும் படாது. ஆனா மினிவேன்னா கவுரவக் குறைச்சல், இல்லையா?

நீளம் 19 அடிக்கு மேல. உங்க கராஜ் 20 அடி இருந்தா அதிர்ஷ்டம். விலை, கொஞ்சம் வசதி சேர்த்தாலே 60,000 டாலர். மைலேஜ் கேலனுக்கு 20 மைல் கிட்ட. ஹைப்ரிட் செடான் 45க்கு மேல தரும். இது உங்க பணம், உங்க இஷ்டம். இதுல டாக்டருக்கு வேலை இல்லை.

டாக்டருக்கு வேலை வர்ற இடம் இனிமேதான்.

"பெரிய வண்டி, பசங்க பின் சீட்ல பத்திரமா இருப்பாங்க." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அமெரிக்காவுல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணத்துல நடக்கிற ஐஐஎச்எஸ்னு ஒரு சோதனை அமைப்பு இருக்கு. வண்டியை நிஜமா மோதவிட்டுப் பார்ப்பாங்க. முன் சீட்டுக்கு மட்டும் பார்த்துட்டு இருந்தவங்க, இப்ப பின் சீட்லயும் ஒரு டம்மியை உக்கார வெச்சுப் பார்க்குறாங்க. சின்ன உருவமுள்ள பெண், இல்லன்னா 12 வயசுக் குழந்தை அளவு டம்மி. 2023ல பெரிய டிரக்குகளை அப்படிச் சோதிச்சாங்க. எஃப்-150, சில்வராடோ, ராம் 1500 மூணுக்கும் கிடைச்சது கடைசி கிரேடு, "மோசம்". டன்ட்ராவுக்கு அதுக்கு ஒரு படி மேல. ஒண்ணுகூட "நல்லது" வாங்கலை.

அந்த கிரேடுக்கு உடம்புல என்ன அர்த்தம்னு நான் சொல்றேன். மோதுற நேரத்துல உடம்பு கீழ வழுக்கி, இடுப்பெலும்பு மேல இருக்கவேண்டிய பெல்ட் வயித்துக்கு ஏறிடும். வயித்துல எலும்பு கிடையாது. பெல்ட்டுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல குடல் நசுங்கும், கிழியும். வெளிய பார்த்தா குறுக்கால ஒரு சிவப்புக் கோடு மட்டும்தான். குழந்தை பேசிட்டுகூட இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எங்களுக்கு வயித்தைக் கலக்கும், ஏன்னா முதல் ஸ்கேன்ல குடல் ஓட்டை சில சமயம் தெரியாது. மணிக்கணக்குல பக்கத்துலயே வெச்சுப் பார்க்கணும். எடை அதிகமான வண்டி சின்ன வண்டியோட மோதினா உள்ள இருக்கவங்களுக்குச் சாதகம், உண்மை. அதுக்குன்னு பின் சீட் பெல்ட்டைக் கோட்டை விட்டா எடை வந்து காப்பாத்தாது. வாங்குற முன்னாடி அந்த வருஷத்து மாடலோட பின் சீட் ரேட்டிங் என்னன்னு தேடிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

இதுவாவது வண்டிக்கு உள்ள. வெளிய என்ன நடக்குதுன்னு வாங்குறவங்க யாரும் கேக்குறதே இல்லை.

2009ல அமெரிக்காவுல வண்டி மோதி இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2022ல 7,500க்கு மேல. "எல்லாம் போனைப் பார்த்துட்டே நடக்குறாங்க சார்" னு ரெடிமேட் பதில் வரும். போன் ஜெர்மனியிலயும் இருக்கு, ஜப்பான்லயும் இருக்கு. அங்க எல்லாம் இப்படி ஏறலை. டிரக் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆறு லேன் ரோடு, வெளிச்சமின்மை, நடைபாதையே இல்லாத ஊர் அமைப்பு, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா அதே ஐஐஎச்எஸ் கிட்டத்தட்ட 18,000 பாதசாரி விபத்துகளை எடுத்து ஆராய்ஞ்சு 2023ல ஒண்ணு சொன்னாங்க. பானெட் உயரம் 40 இன்ச்சுக்கு மேல இருந்தா, 30 இன்ச்சோ அதுக்குக் கீழயோ இருந்து முகப்பும் சரிவா உள்ள வண்டியைவிட, அடிபட்டவர் சாகுற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம்.

ஏன்னு புரிய பெரிய படிப்பு தேவையில்லை. கார் மோதினா பம்பர் முழங்கால் பக்கம் படும். கால் உடையும், ஆள் பானெட் மேல சாய்வார். பானெட் தகடு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கால் எலும்பை எங்க எலும்பு டாக்டர் ராடு வெச்சு நிமித்திடுவார். டிரக்கோட முகப்பு அப்படி இல்லை, செங்குத்தான சுவர். 40 இன்ச்ங்கறது பெரியவங்களுக்குத் தொப்புள் உயரம். அடி விழுறது இடுப்புக்கூடு, கல்லீரல், மண்ணீரல், விலா. ஆள் மேல சாய முடியாது, முன்னாடி தள்ளப்பட்டு ரோட்டுல விழுவார், வண்டி இன்னும் நிக்காம வந்துட்டு இருக்கும். இடுப்புக்கூடு உடைஞ்சா உள்ளுக்குள்ள லிட்டர் கணக்குல ரத்தம் தேங்கும், வெளிய ஒரு சொட்டு தெரியாது. உடம்புல மொத்தமே 5 லிட்டர்தான்.

இன்னொரு 40 இன்ச் தெரியுமா? 4 வயசுக் குழந்தையோட சராசரி உயரம்.

நம்ம வீட்டுக் கதைக்கு வரேன். ஊர்ல இருந்து அம்மா அப்பா ஆறு மாசம் வந்து இருப்பாங்க. சாயங்காலம் சாப்பிட்டுட்டு வாக்கிங். டெக்சஸ்ல பல இடத்துல நடைபாதை பாதியில நின்னுடும், அப்புறம் ரோட்டோரமா நடக்கணும். அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஓடிட்டு இருக்கும். ரோட்டோரம் நடக்குறவங்களை இடிக்கிற வாய்ப்பு காரைவிட பிக்கப்புக்கு ரொம்ப அதிகம்னும், இடதுபக்கம் திரும்பும்போது இடிக்கிற வாய்ப்பும் அதிகம்னும் 2022லயே ஆய்வு வந்தாச்சு. திரும்பும்போது முன்பக்கத் தூண் தடிமனா மறைக்குது, பானெட் மிச்சத்தை மறைக்குது. நாளைக்கு அந்தத் தெருவுல டிரக் ஓட்டப்போறது நீங்க. நடக்கப்போறது உங்க அப்பா, இல்ல என் அப்பா.

"கேமரா இருக்கே?" பின் கேமரா இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா நல்லது. 2002ல நியூயார்க் லாங் ஐலண்ட்ல ஒரு அப்பா தன் வீட்டு வாசல்லயே வண்டியைப் பின்னாடி எடுத்தார். பின்னால நின்னுட்டு இருந்தது அவரோட 2 வயசுப் பையன் கேமரான் கல்பிரான்சன். அந்த அப்பா ஒரு குழந்தைகள் டாக்டர். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா போராடினார். பையன் பேர்லயே 2008ல சட்டம் கையெழுத்தாச்சு. கம்பெனிகள் இழுத்தடிச்சு, அரசாங்கம் தள்ளிப்போட்டு, எல்லாப் புது வண்டியிலயும் பின் கேமரா கட்டாயம்னு ஆனது 2018 மே மாசம். பத்து வருஷம்! முன் கேமராவுக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. சில பெரிய டிரக்ல முன்பக்க மறைவுப் பகுதி சில செடானைவிட 11 அடி வரை அதிகம்னு கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2021ல அளந்தே காட்டினாங்க. 360 டிகிரி கேமரா வேணும்னா விலை கூடின மாடலுக்குப் போகணும்.

டீலர் காட்டுற 5 ஸ்டாரும் இத்தனை வருஷமா உள்ள உக்கார்ந்திருக்கவங்களுக்கு மட்டும்தான். ஐரோப்பாவுல 1997ல இருந்து, மோதினா நடக்குறவருக்கு என்ன ஆகும்னும் சோதிச்சு மார்க் போடுறாங்க. அமெரிக்காவுல பாதசாரியோட தலை பானெட்ல மோதுறதுக்கு ஒரு தரம் வேணும்னு 2024லதான் முன்மொழிஞ்சாங்க.

இப்ப அந்த வரிக்கு வரேன். செக்‌ஷன் 179 பொய் இல்லை. ஆனா பாதிக்கு மேல தொழிலுக்காக ஓட்டணும், வீட்டுல இருந்து கிளினிக்குக்குப் போறது தொழில் பயணத்துல சேராது. நம்ம டாக்டர்கள் டிரக்ல எதை ஏத்திட்டு எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியலை. ஸ்டெதஸ்கோப்புக்கு 1,500 பவுண்டு பேலோட் தேவைப்படாது. கட்டட வேலைக்காரருக்காக எழுதின சலுகையை வாங்கி நாம ஸ்கூல் வாசல்ல நிறுத்துறோம். விபத்தைப் பத்தி தினம் பார்க்கிற நாமளே இதை ஒருத்தருக்கு ஒருத்தர் பரிந்துரை பண்றதுதான் எனக்கு எரியுது.

நிஜமா வேலை இருந்தா வாங்குங்க. வேலைக்கு ஏத்த மாதிரி வாங்குங்க: வசதிகள் குறைவா, பேலோட் ஸ்டிக்கர் அதிகமா, தொட்டி ஆறரை அடியா. பாதசாரியைப் பார்த்துத் தானா பிரேக் போடுற வசதியும் முன் கேமராவும் இருக்கட்டும். லிஃப்ட் கிட் போட்டு இன்னும் உயர்த்தாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். எப்பவாவது ஒரு தடவை ஃபிரிட்ஜ் தூக்கணும்னா ஹோம் டிப்போவுல டிரக் வாடகைக்குக் கிடைக்கும்.

டெஸ்ட் டிரைவ் போறப்ப குழந்தையோட குட்டி சைக்கிளை எடுத்துட்டுப் போங்க. வண்டியை ஆஃப் பண்ணி நிறுத்தி, பம்பரை ஒட்டி சைக்கிளை வைங்க. நீங்க டிரைவர் சீட்ல உக்காருங்க. சைக்கிளோட ஹேண்டில் உங்க கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் சேல்ஸ்மேனை அதைப் பின்னாடி நகர்த்திட்டே போகச் சொல்லுங்க. எத்தனை அடின்னு எண்ணுங்க. அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. புடவையோட பின் சீட்ல ஒரு தடவை ஏறி இறங்கட்டும்.