கூட வளையிற நிப்புத்தான் வேணுமா?

இறக்காமத்தில் மையால் வரையிற எங்கட கூட்டாளிமார் நிப்பு வாங்கும்போது கேட்கிற முதல் கேள்வி, "எது கூட வளையும்?" கேள்வியே பிழை என்கிறோம் நாங்கள். கில்லட் 303 சின்ன அழுத்தத்துக்கே விரியும். போல்பொயிண்ட் பேனையில் பழகின கை அதை மேல்நோக்கித் தள்ளினால் கடுதாசியில் குத்தி மை தெறிக்கும். காசும் வீண், ஆசையும் போகும்.

ஜப்பான் மங்கா ஓவியர்கள் பாவிக்கிற ஜி நிப்பு கொஞ்சம் விறைப்பு. அழுத்தினால் கோடு தடிக்கும், கையைத் தளர்த்தினால் உடனே மெலியும். குளத்தங்கரைப் புல்லை ஒரே இழுவையில் வரைய அது தாராளம். (புது நிப்பின் எண்ணெயைத் துடைக்காட்டி மை ஒட்டாது.)

அதுக்கும் காசில்லையா? மூங்கிலைச் சீவி, அரபு எழுத்தணிக்காரரின் கலம் போல முனையைச் சரித்து வெட்டுங்க. அதில் தடிப்பும் மெலிவும் அழுத்தத்தால் இல்லை, முனையைப் பிடிக்கிற கோணத்தால்தான் வரும்.