நத்தார் மரத்தில் அப்பம்மாவின் நூல்



மார்கழி பிறக்கும்போதே வீட்டைத் துப்புரவு செய்யும் வேலையும் கூடவே பிறந்துவிடுகின்றது. சென்ற ஆண்டு இதே நாட்களில், பண்டிகைக்கு முன்னர் பழைய துணிமணிகளை வெயிலிற் போட்டெடுக்கலாம் என்றெண்ணி, எங்கள் றங்குப்பெட்டியைத் திறந்தேன். அதன் அடியிலே, வெள்ளைத் துணியொன்றிற் சுற்றப்பட்டு, பின்னி முடியாத சிவப்புக் கம்பளிச் சட்டையொன்று கிடந்தது. பின்னல் ஊசிகள் இரண்டும் அதிற் கோத்தபடியே இருந்தன.

அது என் மாமியின் கைவேலை. யாழ்ப்பாணத்து வெயிலிலே பிறந்து வளர்ந்தவர் அவர். முதுமையில் எங்களுடன் வாழ்வதற்காக நுவரெலியாவுக்கு வந்தபோது, இங்குள்ள குளிரைக் கண்டு முதலில் அஞ்சினார். பின்னர் அயல்வீட்டுப் பெண்மணியொருவரிடம் பின்னல் கற்றுக்கொண்டார். அறுபது வயதுக்குப் பின்னர் கற்ற வித்தை அது. எங்கள் வீட்டில் அவர் பின்னிய கம்பளியை அணியாதவர் எவருமில்லை. பேரனுக்கென்று அவர் கடைசியாக ஆரம்பித்த இந்தச் சட்டை மட்டும் மார்பளவோடு நின்றுவிட்டது. அப்போது அவனுக்கு வயது 7. இப்போது 12. இனி அதை எவர் பின்னி முடித்தாலும் அவன் உடம்புக்கு அது ஆகாது.

"இதைப் பிரித்தெடுத்து, அந்த நூலால் நத்தார் மரத்துக்கு ஏதாவது செய்யலாமே" என்று நான் யோசியாமற் சொல்லிவிட்டேன். என் கணவரின் முகம் வாடிவிட்டது.

"அம்மா பின்னியதை அவிழ்ப்பதா? வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றார்.

அவர் மனம் எனக்கு விளங்கிற்று. துணியை மீண்டும் சுற்றப் போனேன். அப்போது அருகிலிருந்த மகள், சட்டையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்கே பாருங்கள். பூச்சி அரித்திருக்கிறது. பெட்டிக்குள்ளேயே வைத்தால் வருகிற வருஷம் இதுவும் இராதே" என்றாள். இரண்டு இடங்களில் மிளகளவு துளைகள் இருந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவு முடிந்த பின்னர், தாமே வந்து அமர்ந்து, ஊசிகளை மெல்ல உருவினார்.

அன்று தொடங்கி, பள்ளி விடுமுறை முழுவதும், எங்கள் வீட்டில் நடந்த கைவேலையைத்தான் இவ்வாரம் உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

கடையிலே வாங்கிய பளபளப்பான குண்டுகள் இல்லாவிட்டால் நத்தார் மரம் அழகு பெறுமா என்று சிலர் கேட்கக்கூடும். வரலாற்றைப் பார்த்தால், கையாற் செய்தவையே முதலில் வந்தவை. இன்று பிரான்ஸ் நாட்டிலுள்ள ஸ்திராஸ்பூர்க் நகரத்தில், 1605ஆம் ஆண்டளவில், மக்கள் தம் வீடுகளில் மரத்தை நிறுத்தி, வர்ணக் கடதாசி ரோசாக்களையும், அப்பிள் பழங்களையும், மெல்லிய அப்பங்களையும், இனிப்புப் பண்டங்களையும் தொங்கவிட்டார்கள் என்று ஒரு பழைய குறிப்புக் கூறுகின்றது. ஜெர்மனியின் லௌஷா என்னும் ஊரில் கண்ணாடிக் குண்டுகளை ஊதிச் செய்யும் தொழில் பெருகியது 19ஆம் நூற்றாண்டிலேதான். விக்டோரியா மகாராணியாரின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் சித்திரம் 1848இல் இலண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்த பின்னரே, இவ்வழக்கம் ஆங்கிலேயரின் இல்லங்களிற் பரவலாயிற்று.

உக்ரேன் நாட்டிலே ஒரு நாடோடிக் கதையுண்டு. ஏழைக் கைம்பெண்ணொருத்தியின் குடிசையில் மரமொன்று வளர்ந்தது. அதை அலங்கரிக்க அவளிடம் பணமில்லை. பிள்ளைகள் ஏக்கத்தோடு உறங்கிவிட்டார்கள். இரவிலே சிலந்திகள் அம்மரம் முழுவதும் நூல் இழைத்துவிட்டன. காலைக் கதிர் பட்டதும் அந்நூலெல்லாம் வெள்ளியும் பொன்னுமாக மாறியதாம். அதனால் அந்நாட்டார் இன்றும் சிலந்தி உருவங்களை மரத்திலே தொங்கவிடுகின்றனர். ஆகவே, நத்தார் மரத்துக்கு நூல் அந்நியமானதன்று.

இனி வேலைக்கு வருவோம்.

பழைய பின்னலைப் பிரிக்கும்போது, பின்னல் முடிந்த முனையிலிருந்தே பிரிக்க வேண்டும். தொடங்கிய இடத்திலிருந்து இழுத்தால் சிக்கு விழும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை அப்படியே பயன்படுத்தலாகாது. ஒரு கதிரையின் முதுகைச் சுற்றிப் பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். சிறிது சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அலசி எடுங்கள். வெந்நீரில் இட்டாலும், கசக்கித் தேய்த்தாலும் கம்பளி இறுகித் திரண்டுவிடும். துவாயில் ஒற்றி, நிழலிலே தொங்கவிட்டு, கீழ்முனையில் ஈரத்துணியொன்றைப் பாரமாகக் கட்டிவிட்டால், காயும்போது சுருள் நீங்கி நூல் நேராகிவிடும்.

புதிதாக நூல் வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இன்று கம்பளி நூல் என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. அலங்காரத்துக்கு அதுவும் நன்றே. ஆனால் நெருப்புப் பட்டால் அது உருகிக் கையில் ஒட்டும். உண்மையான கம்பளியோ, முடி கருகுவது போன்ற வாசனையுடன் கருகி, விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். எதுவாயினும், நூல் அலங்காரமுள்ள மரத்தில் மெழுகுதிரி ஏற்றவே கூடாது.

பூம்பந்து: தடித்த மட்டையில் இரண்டரை அங்குல விட்டமுள்ள வட்டங்கள் இரண்டு வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஓரங்குலத் துளையிடுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, துளையினூடாக நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். துளை ஏறக்குறைய அடைபட்டதும், இரு மட்டைகளுக்கும் இடையே கத்தரிக்கோலின் நுனியைச் செலுத்தி, விளிம்பைச் சுற்றி வெட்டுங்கள். அதே இடைவெளியில் உறுதியான பருத்தி நூலை விட்டு இறுக்கி முடிந்த பின்னரே மட்டைகளைக் கழற்ற வேண்டும். கம்பளி நூலால் முடிந்தால் இறுக்கும்போது அறுந்துவிடும். முடிச்சின் வால்களை நீளமாக விட்டால், அவையே தொங்கவிடும் கயிறாகும்.

சம்மனசு: ஐந்தங்குல மட்டையில் நூலை 40 சுற்றுச் சுற்றி, மேல்முனையைக் கட்டி, மட்டையிலிருந்து உருவிக்கொள்ளுங்கள். மேலிருந்து ஓரங்குலம் விட்டுக் கட்டினால் தலை அமையும். மூன்றங்குல மட்டையில் 15 சுற்றுச் சுற்றி, உருவி, இரு முனைகளையும் கட்டினால் கைகள். அவற்றைத் தலைக்குக் கீழே நூலிடையே நுழைத்து, அடியில் இடுப்பைக் கட்டுங்கள். கீழ் நுனிகளை வெட்டிவிட்டால் பாவாடை போல விரியும். தடித்த வெள்ளைக் கடதாசியில் இறக்கைகள் வெட்டி முதுகில் ஒட்டுங்கள்.

நூற்கண்: மெக்சிக்கோ நாட்டு மலைப்பகுதியில் வாழும் ஹுயிச்சோல் மக்கள், குச்சிகளைக் குறுக்காக வைத்து வர்ண நூல் சுற்றி, குழந்தைகளின் நலம் வேண்டிச் செய்யும் சின்னமொன்று உண்டு. 'கடவுளின் கண்' என்று அதனை அழைப்பர். நமக்குக் குச்சிக்குப் பஞ்சமில்லை. தென்னை ஈர்க்கின் தடித்த பகுதியில் நாலங்குல நீளமாக இரண்டு துண்டுகள் எடுத்துச் சிலுவை போல் வைத்து, நடுவிலே கட்டுங்கள். பின்னர் ஒவ்வோர் ஈர்க்கையும் நூலால் ஒரு முறை சுற்றி, அடுத்த ஈர்க்குக்குச் செல்லுங்கள். இப்படியே வட்டமாகச் சுற்றிவந்தால் சதுரமான கண் ஒன்று நடுவிலிருந்து மலரும். இடையிடையே நிறம் மாற்றலாம். ஆறு வயதுப் பிள்ளையும் இதை எளிதிற் செய்துவிடும்.

கைக்குழந்தையுள்ள வீடுகளில், பொத்தான், மணி முதலிய சிறு பொருட்களை இவற்றில் ஒட்டாதிருப்பது நலம். அலங்காரங்களையும் குழந்தையின் கைக்கு எட்டாத கிளைகளில் தொங்கவிடுங்கள்.

எங்கள் வீட்டிலே மகள் நூற்கண்கள் ஒன்பது செய்தாள். நான் சம்மனசுகள் செய்தேன். மகன் பூம்பந்து ஒன்றை எடுத்துக்கொண்டான். அது அவனுக்கென்று அப்பம்மா வாங்கிய நூல் அல்லவா? ஆனால் முடிச்சை இறுக்காமல் விட்டதால் ஒரு பக்கத்து இழைகள் உதிர்ந்து, பந்து அரைத் தேங்காய் போல் ஆகிவிட்டது. அதைக் கண்டு அவன் ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் உறங்கிய பின்னர், அதைப் பிரித்துச் சீராகச் செய்து வைப்போம் என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்.

அவ்வேளையில் என் கணவர் சட்டையின் கடைசி வரிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இங்கே பார்" என்று அழைத்தார். சட்டையின் கீழ்க்கரையில், மாமி முதன்முதல் தொடங்கிய வரிசைகளிலே, ஒரு கண்ணி தவறியிருந்தது. கண்பார்வை மங்கிய காலம் அது. தவறியதைப் பின்னர் தாமே கண்டு, ஊதா நிற நூலால் ஒரு தையல் போட்டு நிறுத்தியிருந்தார். அவிழ்த்து மீண்டும் பின்ன அவருக்கு நேரமில்லாமல் இல்லை. ஆயினும் அப்படியே மேலே பின்னிச் சென்றிருக்கின்றார்.

"இதைப் பிரிக்க என் கை வரவில்லை" என்றார் அவர். அந்த நாலு விரல் அகலத்தை மட்டும் பிரிக்காமல் கரைகட்டி நிறுத்தினோம். நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டேன்.

மறுநாட் காலையில் மகனை அழைத்து, அப்பம்மாவின் அந்த ஊதாத் தையலைக் காட்டினேன். அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் தானே தன் பந்தில் எஞ்சிய இழைகளைச் சுற்றி இன்னொரு முடிச்சு இறுக்கிப் போட்டு, எங்கள் சைப்பிரஸ் கிளையின் முன்பக்கத்திலேயே தொங்கவிட்டான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மரம் மலைநாட்டுச் சைப்பிரஸ் கிளையாயினும், வடக்கே கிடைக்கும் சவுக்குக் கிளையாயினும், அன்றிப் பிளாஸ்டிக் மரமாயினும் ஆகட்டும். இவ்வாண்டு பிள்ளைகளின் கைப்பட்ட ஒன்றேனும் அதிலே இருக்கட்டும். அது கோணலாயிருந்தால், அவர்கள் உறங்கியபின் நீங்கள் திருத்தி வைக்காதீர்கள். எங்கே தவறிற்று என்று பகலிலே சொல்லிக் கொடுங்கள். திருத்துவதும் விடுவதும் அவர்கள் பொறுப்பு. மாணவ மாணவியரே, நீங்களும் உங்கள் அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ போய், மிச்சநூல் ஏதும் உண்டா என்று கேளுங்கள். நூலோடு அதன் கதையும் கிடைக்கும்.

ஜனவரி 6ஆந் திகதி, மூவிராசாக்கள் திருநாள் கழிந்து மரத்தைக் கலைக்கும்போது, நூல் அலங்காரங்களை வெயிலில் நன்கு உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோடு இறுக மூடும் தகரப் பெட்டியில் வையுங்கள். கம்பளியைத் தின்னும் பூச்சி இருட்டையும் அசையாமற் கிடக்கும் துணியையும் நாடுவது. ஆகையால் நடுவே இரண்டொரு முறை திறந்து உதறுங்கள். நாங்கள் ஐந்து ஆண்டுகள் அதைச் செய்யாமல் விட்டோம்.

இவ்வாண்டும் நேற்றுத்தான் அப்பெட்டியைத் திறந்தோம். பூச்சி இல்லை. மாமியின் நாலு விரல் அகலப் பின்னலை, மரம் நிற்கும் சாடியின் கழுத்தைச் சுற்றி, ஊதாத் தையல் முன்னே தெரியும்படி, என் கணவர் கட்டி வைத்திருக்கின்றார்.

உங்கள் அனைவருக்கும் எமது நத்தார் வாழ்த்துக்கள்.